கழல மறுக்கும் ஆயில் ஃபில்டர் மூடி: ஏன் இறுகுகிறது, எப்படிக் கழற்றுவது

வீட்டிலேயே காருக்கு ஆயில் மாற்றிவிடலாம் என்று இறங்குகிறவர்களைப் பாதியில் உட்கார வைப்பது பெரும்பாலும் இந்த ஒரு மூடிதான். ஜாக் போட்டாயிற்று, ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியாயிற்று, பழைய ஆயில் முழுக்கத் தட்டில் வடிந்தாயிற்று, அப்புறம் ஃபில்டர் மூடியில் ரெஞ்சை மாட்டி இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் ரெஞ்ச் வழுக்குகிறது. அதற்கும் மேல் இழுத்தால் மூடியில் ரெஞ்ச் பிடிக்கும் பட்டைகள் மழுங்கத் தொடங்குகின்றன. எஞ்சினுக்குள் ஆயில் இல்லை, அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போகவும் வழியில்லை.

இந்த நிலைக்கு வராமல் இருப்பது எப்படி, வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் முறை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஏற்கெனவே நாலு முறை ஆயில் மாற்றியவர்கள் முதல் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

எந்த ஃபில்டர் என்று முதலில் பாருங்கள்

காரில் ஆயில் ஃபில்டர் இரண்டு விதமாக வரும். ஒன்று டப்பா வகை: தகர டப்பாவுக்குள்ளேயே ஃபில்டர் பேப்பர், வால்வு எல்லாம் அடைத்து வந்திருக்கும், ஆயில் மாற்றும்போது டப்பாவையே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவோம். மாருதியின் பெட்ரோல் கார்கள் பலவற்றில் இதுதான். இன்னொன்று பேப்பர் வகை: எஞ்சினிலேயே ஒரு கூடு இருக்கும், அதற்குத் திருகு மூடி ஒன்று இருக்கும், உள்ளே பேப்பர் ஃபில்டர் மட்டும் மாறும், மூடி வண்டியோடு காலத்துக்கும் இருக்கும். பழைய ஸ்விஃப்ட் டீசலின் 1.3 லிட்டர் எஞ்சின், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டீசல் கார்கள் பல, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் கார்கள் பல, டொயோட்டா கொரோலாவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் எல்லாம் இந்த வகை.

ஆதியில் கார்களுக்கு வந்தது பேப்பர் வகை மாதிரியான மாற்றும் ஃபில்டர்தான். 1950-களில் டப்பா வகை வந்ததும் வேலை சுலபம் என்று எல்லோரும் அதற்குத் தாவினார்கள், பிறகு ஒவ்வொரு முறையும் ஆயில் ஊறிய தகரத்தைக் குப்பையில் போடுவது சரியில்லை என்று ஐரோப்பியக் கம்பெனிகள் முதலில் திரும்பி வந்தன. அதனால் இன்றைக்கு இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இந்தக் கட்டுரை முக்கியமாக மூடி உள்ள வகையைப் பற்றியது. டப்பா வகைக்கு ஒரு பத்தி கடைசிப் பக்கம் இருக்கிறது.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் கொரோலாவின் 1.8 லிட்டர் எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் தலைமுறை பிரியஸில் இருப்பதும் இதே குடும்பத்து எஞ்சின்தான், ஃபில்டரும் ஒன்றுதான். இதில் மூடி எஞ்சினின் அடியில் தரையைப் பார்த்துத் தொங்கும். கறுப்பு பிளாஸ்டிக், குவளை மாதிரி வடிவம், விளிம்பைச் சுற்றி 14 பட்டைகள், குறுக்களவு சுமார் 64 மி.மீ. அதன் நடுவில் ஒரு சின்ன பிளக் தனியாக இருக்கும், மூடிக்குள் தேங்கிய ஆயிலை வடிக்க. மூடியைத் துடைத்துப் பார்த்தால் அதன் மேலேயே முறுக்கு அளவு அச்சாகியிருப்பது தெரியும்: 25 நியூட்டன் மீட்டர்.

அந்த 25 என்ற எண்ணைத்தான் பலர் நம்புவதில்லை. பிரச்சினை எல்லாம் அங்கே தொடங்குகிறது.

ஆயிலை அடைப்பது ரப்பர், முறுக்கு அல்ல

25 நியூட்டன் மீட்டர் என்பது என்ன? 25 செ.மீ. நீளமுள்ள ராட்செட் (சாக்கெட்டை மாட்டித் திருப்புவது) கைப்பிடியின் நுனியைச் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு இழுப்பது. அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கையால் செய்யலாம். புதிதாகச் செய்கிறவருக்கு இது போதவே போதாது என்று தோன்றும், அந்தத் தோன்றலுக்குக் காரணமும் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஃபில்டருக்குள் ஆயில் அழுத்தம் சாதாரணமாக 4 பார் வரை போகலாம், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த நேரத்தில் அதற்கும் மேல். 6 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு மூடியை அந்த 4 பார் கீழே தள்ளுகிற பலத்தைக் கணக்குப் போட்டால் 110 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு முழு ஆள் தொங்குகிற பலம் அது. அப்படியிருக்க மூடியை நன்றாக முறுக்கி வைக்க வேண்டாமா?

வேண்டாம். அந்த நூறு கிலோவைத் தாங்குவது மரை. மூடி 25-இல் முறுக்கப்பட்டிருந்தாலும் 80-இல் முறுக்கப்பட்டிருந்தாலும் மரையின் பற்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பது அதே அளவுதான். ஆயில் கசியாமல் தடுப்பது மூடியின் பக்கவாட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற ஓ-ரிங். மூடி உள்ளே நுழையும்போதே அந்த ரப்பர் வளையம் கூட்டின் உட்சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நசுங்கிவிடுகிறது, அந்த நசுங்கல்தான் அடைப்பு. குக்கர் கேஸ்கட் மாதிரி யோசித்துப் பாருங்கள்: ஆவி ஏற ஏற அது தன்னைத் தானே இன்னும் அழுத்திப் பிடிக்கிறதே ஒழிய, மூடியை நாம் எவ்வளவு பலமாக மூடினோம் என்பதைப் பொறுத்து அல்ல. ஓ-ரிங்கும் அப்படித்தான், ஆயில் அழுத்தம் அதை இடுக்கை நோக்கித் தள்ளி இன்னும் இறுக்குகிறது.

ஆக, மூடியின் விளிம்பு கூட்டின் விளிம்பைத் தொட்டு உட்கார்ந்த பிறகு நீங்கள் கொடுக்கிற கூடுதல் முறுக்கு எதுவும் ஓ-ரிங்கைப் போய்ச் சேருவதில்லை. அது பிளாஸ்டிக்கை இழுக்கிறது, மரையை நசுக்குகிறது, அவ்வளவே. 25 என்பது மூடி அதிர்வில் தானாகக் கழன்று வராமல் இருக்கத் தேவையான அளவு. கசிகிற மூடியை இன்னும் முறுக்கிச் சரிசெய்ய முடியாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. கசிந்தால் ஓ-ரிங்கில் கோளாறு, அல்லது மூடியில் விரிசல். அந்த விரிசல் வருவதற்குப் பெரிய காரணம் யாரோ முன்பு அளவுக்கு மீறி முறுக்கியது.

அப்படியானால் ஏன் இப்படி இறுகிக் கிடக்கிறது?

முதல் காரணம் தொழில்நுட்பமே இல்லை. சர்வீஸ் செய்கிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் மூடியை லூசாக விட்டால், வாடிக்கையாளர் வீட்டு வாசலில் ஆயில் சொட்டும், பழி நேராக அவர் மேல் வரும். அளவுக்கு மீறி முறுக்கினால் ஒன்றும் ஆகாது, அடுத்த 10,000 கிலோமீட்டருக்கு அது யாருக்கும் தெரியாது, தெரிய வரும்போது கஷ்டப்படுவது வேறொருவர். இந்தக் கணக்கில் எவரும் லூசாக விட மாட்டார்கள், "இன்னும் ஒரு இழுப்பு" போடத்தான் செய்வார்கள். அதிலும் அவசரத்தில் இம்பாக்ட் கன்னை (அடித்து அடித்துத் திருகும் மெஷின்) வைத்து டர்ரென்று ஒரு தட்டு தட்டினால் முடிந்தது, அது எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது.

இரண்டாவது, ஓ-ரிங்கை உலர்ந்த நிலையிலேயே மாட்டுவது. புது ஆயிலை விரலில் தொட்டு ஓ-ரிங் முழுக்கத் தடவ வேண்டும். அதை விட்டுவிட்டால் ரப்பர் சுவரில் உரசி, முறுக்கிக்கொண்டு, சில இடங்களில் மடிந்து உட்காரும். பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, ரப்பர் கெட்டியாகி அந்த வடிவத்திலேயே ஒட்டிப் போகும். ஓ-ரிங்கை மாற்றாமலே பேப்பரை மட்டும் மாற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள், புது ஓ-ரிங் பெட்டியிலேயே வந்தும் கூட. அப்படிப்பட்ட மூடியில் பழைய ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும்.

மூன்றாவது சூடு. மூடி பிளாஸ்டிக், அது போய் உட்காரும் கூடு அலுமினியம். சூடானால் இரண்டும் விரியும், ஆனால் இந்தப் பிளாஸ்டிக் பொதுவாக அலுமினியத்தை விடக் கூடுதலாக விரியும். மூடி உள்ளே, கூடு வெளியே என்பதால் எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கும்போது பிடி இன்னும் இறுகும். ஆயில் சூடாக இருந்தால் நன்றாக வடியும் என்று ஊர் சுற்றிவிட்டு வந்த கையோடு வேலையில் இறங்குகிறவர்கள் மூடியோடு மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாலாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: தப்பான பக்கம் திருப்புவது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையை வளைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு வேலை செய்யும்போது எது இடம் எது வலம் என்பது குழம்பிவிடும். அதுவும் மேலேயிருந்து கையை விட்டுத் துழாவினால் சொல்லவே வேண்டாம். விதி ஒன்றுதான்: மூடியின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். இறுகிய மூடி என்று சொல்லப்படுவதில் கொஞ்சமாவது, அதன் சொந்தக்காரரே ஐந்து நிமிடம் முன்பு இறுக்கியதாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

ஆயிலை வடிப்பதற்கு முன் மூடியை அசைத்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இரவு முழுக்க நின்று குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், ட்ரெயின் போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே, ஃபில்டர் மூடியில் ரெஞ்சை மாட்டி அது அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அரைக்கால் சுற்று கூட வேண்டாம், பிடி விட்டது தெரிந்தால் போதும், உடனே பழையபடி 25-க்கு முறுக்கிவிடுங்கள். அப்புறம் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பானதும் அணைத்து, நிதானமாக வடிக்கலாம். இப்போது மூடி உங்கள் பேச்சைக் கேட்கும்.

அசையவில்லை என்றால்? ஒன்றும் நஷ்டமில்லை. எஞ்சினில் ஆயில் அப்படியே இருக்கிறது, வண்டி ஓடும், சரியான ரெஞ்ச் வாங்கக் கடைக்குப் போகலாம், மெக்கானிக்கிடம் போகலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடலாம். முதலில் ஆயிலை வடித்துவிட்டவருக்கு இந்தச் சுதந்திரம் எதுவும் கிடையாது, அந்தப் பதற்றத்தில்தான் அவர் ஸ்க்ரூடிரைவரையும் சுத்தியலையும் தேடுகிறார்.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன் ஜாக் ஸ்டாண்ட், அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால், கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், குறிப்பாக இறுகிய மூடியை இழுக்கும்போது வண்டி லேசாக ஆடும், ஜாக் சரிவது அப்போதுதான். சமதளம், கியர், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை. இதற்கு மேல் இதை விளக்க வேண்டியதில்லை.

ரெஞ்ச்தான் பாதி வேலை

இறுகிய மூடியில் தோற்கிறவர்களில் பலர் பலம் இல்லாமல் தோற்பதில்லை, கப் சரியில்லாமல் தோற்கிறார்கள். கப் என்பது மூடியின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் ரெஞ்ச், பின்பக்கம் ராட்செட் மாட்டச் சதுர ஓட்டை இருக்கும். கொரோலாவுக்கு 64 மி.மீ., 14 பட்டை. பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றுக்கு 86 மி.மீ., 16 பட்டை. மெர்சிடிஸ் பலவற்றுக்கு 74 மி.மீ., 14 பட்டை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டீசல்கள் பலவற்றில் கப்பே வேண்டாம், மூடியின் தலையில் 32 மி.மீ. அறுகோணம் இருக்கும், சாதாரண சாக்கெட் போதும். உங்கள் வண்டிக்கு எது என்று மேனுவலிலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலோ உறுதி செய்துகொள்ளுங்கள், பட்டைகளை எண்ணிப் பார்க்கவும் செய்யலாம்.

ஒரு மில்லிமீட்டர் பெரிய கப்பும் மூடியில் மாட்டிக்கொள்ளும். அளவாக முறுக்கிய மூடியை அது கழற்றியும் விடும், அதனால் இதுவே போதும் என்று தோன்றும். இறுகிய மூடியில் அதே கப் வழுக்கி, 14 பட்டைகளின் முனைகளையும் ஒரே நேரத்தில் வழித்துவிடும். இன்னொன்று, மலிவாகக் கிடைக்கும் மெல்லிய தகட்டுக் கப்கள் பலம் கொடுக்கும்போது வாய் விரிந்துகொள்கின்றன. வார்ப்பு அலுமினியத்திலோ கனமான இரும்பிலோ செய்த கப் வாங்குங்கள், விலை கூடுதல்தான்.

மாட்டுவதற்கு முன் மூடியின் பட்டைகளைப் பழைய டூத்பிரஷ் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். மண்ணும் பழைய ஆயில் பிசுக்கும் அங்கே அடைந்திருந்தால் கப் முழு ஆழத்துக்கு இறங்காது, நுனியை மட்டும் பிடிக்கும். ரப்பர் சுத்தியலால் கப்பை இரண்டு தட்டுத் தட்டி, அடிவரைக்கும் உட்கார்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

இழுப்பது எப்படி

நீளமான கைப்பிடியும் மெதுவான இழுப்பும். இது இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலான மூடிகள் வந்துவிடும். குட்டை ராட்செட்டை வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி இழுத்தால் கப் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் சாய்கிறது, சாய்ந்த கப்தான் வழுக்குகிறது. ஒரு கை கப்பின் முதுகில், அது மூடியோடு நேராக இருக்கும்படி மேல்நோக்கி அழுத்திக்கொண்டு. இன்னொரு கை நீளக் கைப்பிடியின் நுனியில், சீராக, விடாமல், பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு. ஓ-ரிங் ஒட்டியிருந்தால் அது ஒரு கணத்தில் 'டக்' என்று விடும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், பாருங்கள், மூடி கொஞ்சம் திரும்பியிருக்கும், அதற்குப் பிறகு கையாலேயே சுற்றலாம்.

எவ்வளவு பலம் வரை போகலாம்? 60 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நுனியை 40 கிலோ பலத்தோடு இழுத்தால் அது சுமார் 240 நியூட்டன் மீட்டர், அதாவது மூடியில் எழுதியிருக்கிற அளவைப் போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. நீளக் குழாயைச் சொருகிக்கொண்டு அதற்கு மேலும் ஏறி இழுப்பதற்கு முன்பு நிறுத்துங்கள். அந்த இடத்தில் பலம் தீர்வு இல்லை.

சீரான இழுப்புக்கு அசையாவிட்டால், அதே கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே நுனியில் ரப்பர் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டலாம். ஒட்டிப்போன ரப்பரை விடுவிப்பதில் அதிர்வுக்கு ஒரு பங்கு உண்டு. இம்பாக்ட் கன் வைத்தும் இதைச் செய்கிறார்கள், தொழில்முறை மெக்கானிக்குகள் செய்தால் சரி, அவர்களுக்குக் கைப்பழக்கம் இருக்கிறது, மூடி உடைந்தால் மாற்று மூடியும் இருக்கிறது. முதல் முறை செய்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கழற்றுவதற்கு முன் கொஞ்சம் இறுக்கிப் பார், பிடி விடும் என்றும் சொல்வார்கள். துருப்பிடித்த இரும்பு போல்ட்டுக்கு அது நல்ல யோசனை. ஏற்கெனவே அளவுக்கு மீறி இழுபட்ட பிளாஸ்டிக்குக்கு அது கடைசி அடியாகவும் ஆகலாம். டபிள்யூடி-40 மாதிரியான ஸ்ப்ரேயும் இப்படித்தான். அடித்தால் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்கிற இடத்தில் கரைக்கத் துரு கிடையாது, அதனால் அதிசயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சூடு உதவும், ஆனால் எங்கே கொடுக்கிறோம் என்பது முக்கியம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும், அப்புறம் தலைமுடி உலர்த்துகிற டிரையரை எடுத்து மூடியைச் சுற்றியுள்ள அலுமினியக் கூட்டின் மேல் மட்டும் சில நிமிடம் காட்டுங்கள். கூடு விரியும், உள்ளே இருக்கும் மூடிக்கு அந்தச் சூடு போய்ச் சேருவதற்குள் இழுத்துப் பாருங்கள். நெருப்பு வேண்டவே வேண்டாம். அடியில் ஆயில் தட்டு, பக்கத்தில் ஒயரும் ரப்பர் குழாயும், மேலே பெட்ரோல் எஞ்சின்.

பட்டை மழுங்கிவிட்டால்

கப் இனிமேல் பிடிக்காது என்றால் அடுத்தது ஸ்ட்ராப் ரெஞ்ச், அதாவது நாடாவை மூடியைச் சுற்றிப் போட்டு இறுக்கித் திருப்புவது. மூடியையும் நாடாவையும் ஆயில் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று விரல் வைத்த கிளா ரெஞ்ச் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது, தகர டப்பாவுக்கு அது நன்றாக இருக்கும். பிளாஸ்டிக் மூடியில் அது திருப்பத் திருப்ப நெருக்கிப் பிழியும், விரிசல் விட வாய்ப்பு அதிகம். எனவே இங்கிருந்து மேலே போவது என்றால், மூடி போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும், புது மூடி கையில் வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்கவும் வேண்டும். மூடி தனி ஸ்பேர் பார்ட்டாகக் கிடைக்கும்.

அந்த முடிவை எடுத்தபின் வேலை ஒரு விதத்தில் எளிது. பெரிய பைப் ரெஞ்ச் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் இடமில்லை என்றால் மூடியின் வெளி விளிம்பில் உளியைச் சாய்வாக வைத்து, கழலும் திசையில் தட்டி நகர்த்தலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மல்லாந்து படுத்திருக்கிறீர்கள், தெறிப்பதெல்லாம் முகத்துக்கு வரும். உளி எக்காரணம் கொண்டும் அலுமினியக் கூட்டின் பக்கம் திரும்பக் கூடாது. மூடி கழன்றதும் பிளாஸ்டிக் துணுக்கு எதுவும் கூட்டின் உள்ளே, முக்கியமாக ஃபில்டரின் நடுக்குழாய் போய்ச் சேரும் ஓட்டைக்குள், விழாமல் பார்த்துத் துடைக்க வேண்டும். அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் சுத்தமான ஆயில் போகிற வழி, அங்கே போன துணுக்கை வடிகட்ட அதற்கப்புறம் எதுவும் இல்லை.

மூடியின் அடி மட்டும் பிய்ந்து வந்து மரை வளையம் கூட்டிலேயே தங்கிவிட்டால் நிறுத்திவிடுங்கள். அதைப் பொறுமையாக அறுத்து உள்பக்கமாக மடக்கி எடுக்கலாம்தான், ஆனால் அறுக்கிற பிளேடு அலுமினிய மரையில் ஒரு கோடு போட்டாலும் செலவு பல மடங்காகும். அந்தக் கட்டத்தில் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்வதுதான் மலிவான வழி.

இதைப் பார்த்துவிட்டுச் சிலர் பிளாஸ்டிக் மூடியே வேண்டாம் என்று சந்தையில் கிடைக்கும் அலுமினிய மூடிக்கு மாறுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பட்டை மழுங்காது என்பது உண்மை. ஆனால் பிளாஸ்டிக் மூடியை ஒருவர் வெறித்தனமாக முறுக்கினால் முதலில் கெடுவது அந்த மூடி, சில நூறு அல்லது ஆயிரத்துச் சொச்ச ரூபாயோடு போய்விடும். அலுமினிய மூடியை அப்படி முறுக்கினால் கெடுவது எஞ்சினோடு இருக்கும் கூட்டின் மரை. யார் முறுக்கப் போகிறார்கள் என்பது நிச்சயமாகத் தெரிந்தால் அலுமினியம் சரி.

டப்பா வகைக்கு ஒரு பத்தி

டப்பா ஃபில்டரில் ரப்பர் வளையம் பக்கவாட்டில் இல்லை, முகத்தில் இருக்கும், அதனால் அங்கே முறுக்கு கொஞ்சம் கணக்கில் வரும். ஆனாலும் ரப்பர் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று என்பதுதான் பெரும்பாலான டப்பாக்களில் எழுதியிருக்கும் அளவு, கையாலேயே முடிகிற காரியம். இறுகிவிட்டால் சரியான கப், இல்லையேல் கிளா அல்லது செயின் ரெஞ்ச். ஸ்க்ரூடிரைவரைக் குத்திச் சொருகித் திருப்புகிற பழைய வைத்தியம் பெரும்பாலும் தகரத்தைக் காகிதம் மாதிரி கிழிப்பதில் முடியும், டப்பா கையோடு வந்துவிடும், அடித்தட்டு எஞ்சினிலேயே நிற்கும். கழற்றிய பிறகு பழைய ரப்பர் வளையம் டப்பாவோடு வந்ததா என்று கட்டாயம் பாருங்கள். எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வளையத்தின் மேலேயே புதுசை முறுக்கினால், ஸ்டார்ட் செய்ததும் இரண்டு ரப்பரும் வழுக்கி ஆயில் மொத்தமும் பீய்ச்சிவிடும்.

திரும்ப மாட்டுவது

மூடியைக் கழுவித் துடைத்து, பழைய ஓ-ரிங்கை மழுங்கலான எதையாவது வைத்து நெம்பி எடுங்கள், கூரான ஸ்க்ரூடிரைவர் பள்ளத்தில் கீறல் போடும், கீறல் வழியாக ஆயில் கசியும். எடுப்பதற்கு முன் அது எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மூடியில் வளையம் உட்காரும்படியான இடம் ஒன்றுக்கு மேல் இருப்பதுபோல் தோன்றும், தப்பான இடத்தில் மாட்டினால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. கொரோலா ஃபில்டர் பெட்டியில் பெரிய ஓ-ரிங் ஒன்றும் நடு பிளக்குக்கான சின்னது ஒன்றும் இருக்கும். நடு பிளக்கைத் திறக்கவில்லை என்றால் சின்னதைத் தொட வேண்டியதில்லை. திறந்தீர்கள் என்றால் அதை மாற்றிவிட்டு, மூடியில் பாதி அளவுக்கு, சுமார் 13 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் முறுக்குங்கள்.

புது ஓ-ரிங்கில் புது ஆயில் தடவி, முறுக்கு விழாமல் பள்ளத்தில் உட்கார வைத்து, பேப்பரை உள்ளே வைத்து, மூடியைக் கையால் சுற்றுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு ரெஞ்ச் கூடவே கூடாது. மரை கோணலாக ஏறினால் கையில் தெரியும், ரெஞ்சில் தெரியாது. ஓ-ரிங் உள்ளே நுழையும்போது கொஞ்சம் கனக்கும், அது சரிதான், விளிம்பு விளிம்பைத் தொட்டதும் டார்க் ரெஞ்சில் (முறுக்கு அளவை வைத்துக்கொள்ளக்கூடிய ரெஞ்ச்) 25 வைத்து முடியுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் மேலே சொன்ன கணக்குதான்: 25 செ.மீ. கைப்பிடி, 10 கிலோ இழுப்பு. லக்கேஜ் தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு வீட்டில் இருந்தால் கைப்பிடி நுனியில் மாட்டி இழுத்துப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம், கைக்கு ஒரு முறை அந்த அளவு தெரிந்துவிட்டால் மறக்காது.

ஆயில் ஊற்றுங்கள், இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர். முதலில் 4 ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்து, ஒரு நிமிடம் ஓடவிட்டபடி டார்ச் அடித்து மூடியைப் பாருங்கள், அப்போது வண்டிக்கு அடியில் நுழைய வேண்டாம், பக்கத்தில் குனிந்து பார்த்தால் போதும். அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து மீதியை ஊற்றுங்கள். அன்றைக்கே ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒருமுறை பாருங்கள். மூடியின் மேலேயே பழைய ஆயில் வழிந்த ஈரம் இருந்தால் அதைக் கசிவு என்று நினைத்துவிடலாம், துடைத்துவிட்டு மறுநாள் காலை பார்த்தால் தெரிந்துவிடும். மூடியின் விளிம்பைச் சுற்றிப் புதுச் சொட்டு இருந்தால் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை, நடுவில் சொட்டு இருந்தால் சின்ன பிளக். இரண்டுக்கும் மருந்து கழற்றி மறுபடி மாட்டுவது, ஆயிலை முழுக்க வடிக்கத் தேவையில்லை, மூடிக்குள் இருக்கும் கொஞ்சம்தான் கொட்டும், ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.